பாதுஷாவுக்கு ஒரு மேய்ச்சல் நிலம்

பாதுஷா என்றதும் நாக்கில் எச்சில் ஊற வேண்டாம். இது தின்பண்டம் இல்லை. திருச்சி பெரிய கடை வீதிப் பக்கம் கல்யாண ஊர்வலங்களில் மாப்பிள்ளைகளைச் சுமந்து நடந்த வெள்ளைக் குதிரை! வயதாகிவிட்டதால் ஸஹ்ராவின் அத்தா அப்துல் அஹத் அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டார்.

அதற்காகவே ஜீயபுரத்துக்குக் குடிவந்தார்கள். வீட்டை ஒட்டி நல்ல புல்தரை. அத்தா சவுக்குக் கம்புகள் நட்டு, குறுக்குக் கட்டைகள் அடித்து வேலி போட்டார். குதிரையின் தோலைக் கிழித்துவிடுமே என்று முள்கம்பி பக்கமே போகவில்லை. தண்ணீர்த் தொட்டி கட்டினார். வெயிலுக்குக் கொட்டகை போட்டார். ரோட்டுப் பக்கம் மட்டும், பஸ்ஸைக் கண்டு மிரளக் கூடாதென்று தென்னங்கீற்று கட்டி மறைத்தார்.

இத்தனை ராஜ உபசாரம் செய்தும் பாதுஷா புல்லில் வாய் வைக்கவில்லை. எலும்பு தெரிய இளைத்துப் போனது. மாட்டு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, “நோய் ஒண்ணும் இல்லீங்களே!” என்று போய்விட்டார்.

“துறையூர் அமிர்தராஜ் கிட்ட நாலஞ்சு குதிரை இருக்கு. நாளைக்கு வண்டி கொண்டுவந்து இதையும் கூட்டிட்டுப் போறேன்னாரு,” என்றார் அத்தா.

“வேண்டாம் அத்தா! அவன் நம்ம பாதுஷா!”

“எனக்கு மட்டும் ஆசையாம்மா? கண்ணு முன்னாடி பட்டினி கிடக்கிறதைப் பார்க்க முடியலை.” ஸஹ்ராவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை, வழியனுப்பும்போது கொடுக்கலாம் என்று கடைக்குப் போய் வெல்லம் வாங்கி வந்தாள். ரோட்டோரமாக நடந்தவள் சட்டென்று நின்றாள். கீற்று மறைப்பில் ஓர் ஓட்டை! யாரோ கடித்துப் பிய்த்த ஓட்டை. அதற்குள்ளே ஒரு பெரிய கண்!

ஒரு பஸ் போனது. அந்தக் கண்ணும் பஸ் பின்னாலேயே போனது.

“அத்தா! அவனுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல. ஆளுங்களைப் பார்க்காம ஏங்குறான்!”

“பஸ் சத்தத்துக்கு மிரளுவானேம்மா?”

“பேண்டு வாத்தியத்துக்கும் வெடிச் சத்தத்துக்கும் நடுவுல நடந்தவன் அத்தா! அவனா மிரளுவான்?”

அத்தா நெற்றியில் தட்டிக்கொண்டார். அட, ஆமாம்!

அதற்குள் ஸஹ்ரா அரிவாளோடு வந்து கயிறுகளை அறுக்கத் தொடங்கிவிட்டாள். அத்தாவும் சேர்ந்துகொண்டார். கீற்றெல்லாம் சரிந்து விழுந்தது.

அடுத்த பஸ் வந்தது. “ஐ! குதிரை! குதிரை!” என்று ஜன்னலோரப் பிள்ளைகள் கத்தினார்கள். பாதுஷா கழுத்தை நிமிர்த்தி ஜோராக ஒரு கனை கனைத்தது. பிறகு குனிந்து, கரக் கரக்கென்று புல்லை மேய ஆரம்பித்தது. அத்தா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மதியம் அமிர்தராஜ் வண்டியோடு வந்து இறங்கினார்.

“என்னங்க இது? சாப்பிடவே இல்லைன்னீங்க. விட்டா வேலியையும் சேர்த்துத் தின்னுடும் போலிருக்கே!”

“அவனுக்குத் தனியா சாப்பிடப் பிடிக்காதுங்க மாமா,” என்றாள் ஸஹ்ரா.

அமிர்தராஜ் வாய்விட்டுச் சிரித்தார். அன்று துறையூருக்கு வெறும் வண்டிதான் திரும்பிப் போனது.