பிழை என்று அழித்த புள்ளி

மே மாத வரைபடத்திலும் அந்தச் சிவப்புப் புள்ளி இருந்தது.

இரண்டு செயற்கைக்கோள்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு பூமியைச் சுற்றுகின்றன. கீழே எடை கூடினால் ஈர்ப்பு கூடும். அவற்றுக்கு இடையிலுள்ள தூரம் மயிரிழைக்கும் குறைவாக மாறும்; எடை கூடிய இடம் வரைபடத்தில் சிவக்கும். அந்த மாற்றத்தைக் கொண்டு நிலத்தடி நீர் வற்றுவதையும் வெள்ள அபாயத்தையும் கணிப்பது உமாமகேஸ்வரியின் வேலை. சிங்கப்பூரைப் போல் நூறு மடங்கு பரப்பிருந்தால்தான் அவற்றின் கண்ணில் எதுவும் படும். ஆகவே சிறு புள்ளி என்றால் பிழை. அதை அழித்துவிட்டு அறிக்கை அனுப்புவது அலுவலக வழக்கம். மார்ச்சில் அழித்தாள். ஏப்ரலிலும் அழித்தாள்.

இன்று கை வரவில்லை. புள்ளி செங்காங்கில், அவள் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கின் மேல் நின்றது.

வெளியே சிராங்கூன் சாலையில் பிற்பகல் மழை. ஈரச் சாக்கின் வாடையும் மல்லிகையின் வாடையும் கலந்து அலுவலகம் இருந்த பழைய கடைவீட்டின் மரப்படி வழியே மாடிக்கு ஏறி வந்தன. கணவன் ரஞ்சனை அழைத்தாள்.

"சக்தியத் தூக்கிக்கிட்டு உடனே என் ஆபிசுக்கு வாங்க. வீட்ல இருக்காதீங்க."

"டாக்சில வரேன் லா. தூக்க மட்டும் சொல்லாத. நாலு வயசுப் பிள்ளைக்கு என்ன ஊட்டுற, அரிசி மூட்டையா? தோள் விட்டுப்போகுது."

சிரித்துக்கொண்டே வைத்தான்.

காத்திருந்த நேரத்தில் பழைய வரைபடங்களைத் திறந்தாள். மார்ச்: சாங்கி. அப்போது அங்கே வாடகைக்கு இருந்தார்கள். ஏப்ரல்: செம்பவாங். புது வீட்டுச் சாவி கிடைக்கும்வரை ரஞ்சனின் அக்காள் வீட்டில் தங்கிய மாதம். மே: செங்காங்.

புள்ளி நிலத்தில் இல்லை. கூடவே வந்திருக்கிறது.

தோள் விட்டுப்போகுது.

தூக்கச் சொன்னது அவள்தான்.

மீண்டும் அழைத்தாள். கீழே, படியடியில், அவன் கைபேசி ஒலித்தது. ஒலித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

மரம் முறியும் சத்தம். ஒரு படி. அடுத்த படி. மெதுவாக.

கதவைத் திறந்தாள்.

கீழே ரஞ்சன் மல்லாந்து கிடந்தான். வாய் திறந்திருந்தது. அவன் நெஞ்சில், ஈர மணலில் பதிந்ததுபோல, இரண்டு சின்னப் பாதங்கள் ஆழமாக அமுங்கியிருந்தன. படிகள் ஒவ்வொன்றும் நடுவில் குழிந்து பிளந்திருந்தன.

மேல்படியில் சக்தி நின்றாள். இரு கைகளையும் உயர்த்தினாள்.

"அம்மா, தூக்கு."