தீர்க்கப்பட்ட முறைப்பாடு

தீர்ந்துவிட்டது என்று நேற்றே மூடிய முறைப்பாடு மறுபடியும் அழைத்தது.

மர்ஷூதா தோளில் மாட்டிய கைப்பையை மேசையில் வைத்தாள். காய்ச்சலில் கிடக்கும் மகள் ஸம்றாவிடம், அந்தித் தொழுகைக்கு அழைக்கும் மஃரிப் பாங்குக்கு முன்னால் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள். கல்முனைப் பெரிய வீதியில் கடைக்கதவுகள் ஒவ்வொன்றாக இறங்கும் இரைச்சலும், மழை நனைத்த புழுதியின் வாடையும், கீழே துணிக்கடையில் அவிழ்த்த புதுத்துணியின் கஞ்சி மணமும் மாடிக்கு ஏறி வந்தன.

"கிசோக், இத ஏன் மூடின? கதவு திறக்கல்லயாமே."

"அந்த மனுசி ஒவ்வொரு நாளும் இதத்தான் கதைக்கிறா அக்கா. நம்மட ஒபிஸ் விலாசத்தில போட்டு மூடிட்டன்." உடன் வேலை செய்யும் கிசோக் சிரித்துக்கொண்டே படியிறங்கினான். "நீங்கதானே கெட்டிக்காரி, பாருங்களன்."

தொலைபேசியால் திறக்கும் பூட்டுகளை விற்கும் நிறுவனம் அது. தீர்க்க முடியாததை அலுவலகத்தின் பெயரில் பதிந்து தள்ளிவிடுவது அவன் பழக்கம். பிறகு அதை அவிழ்ப்பது இவள் வேலை.

அழைப்பை எடுத்தாள். "ராத்தா, வீடு எங்க?"

"இருட்டாக் கிடக்கு மகள்." ஈரத்தில் ஊறிய குரல். "சுவருக்கு அங்கால நீங்க கதைக்கிறது கேக்குது."

இணைப்பின் எதிரொலியாக இருக்கும். அவள் திரையில் 'திற' என்பதை அழுத்தினாள்.

முதுகுக்குப் பின்னால், சாமான் அறையின் பூட்டு 'டிக்' என்றது.

அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. கிசோக் அந்த மனுசியின் பதிவை இந்தப் பூட்டோடு கட்டிவைத்திருக்கிறான். அந்தப் பதிவை அழிப்பதென்றால் கதவின் உட்பக்கப் பொத்தானை அழுத்தவேண்டும். அழைப்பை அப்படியே விட்டு எழுந்தாள்.

அறைக்குள் கடல் வாடை. பெட்டிகள். சோதனைக்கு வைத்திருக்கும் பழைய தொலைபேசி. யாருமில்லை. பொத்தானைத் தேடிக் கை நீட்டினாள். பக்கத்தில் ஏதோ குளிராக உரசிக்கொண்டு வெளியே போனது.

கதவு சாத்திக்கொண்டது.

தள்ளினாள். பொத்தானை அழுத்தினாள்; பூட்டு திறக்கவில்லை. தட்டினாள். "கிசோக்!"

கைப்பேசி மேசையில் கிடந்தது. அறைக்குள் இருந்த தொலைபேசியின் அழைப்பு இந்த அலுவலகத்தைத் தவிர வேறெங்கும் போகாது. எடுத்தாள். வெளியே அவள் மேசையில் மணி அடித்தது. நாற்காலி கிறீச்சிட்டது.

"அஸ்ஸலாமு அலைக்கும். என்ன உதவி வேணும்?"

அவளுடைய குரல்.

"கதவத் திறங்க! நான் உள்ளுக்கு இரிக்கன்!"

"விலாசம்?"

சொன்னாள். தட்டச்சுச் சத்தம் கேட்டது. நிதானமாக.

"அது தீர்ந்திட்டே ராத்தா."

இணைப்பு அறுந்தது. கைப்பையின் ஸிப்பை யாரோ இழுத்தார்கள். அவளுடைய கைப்பேசி ஒலித்தது.

"ஓம் மகள்," என்றது அவளுடைய குரல், கதவுக்கு அப்பால். "உம்மா இந்தா வெளிக்கிட்டன்."

முன்கதவு பூட்டிக்கொண்டது. படிகளில் அவளுடைய செருப்புச் சத்தம். பாங்கு தொடங்கியது. கீழே அவளுடைய ஸ்கூட்டி உறுமி, வீட்டுப் பக்கம் திரும்பியது.