மூன்றாவது ஆமென்

இரண்டு பேர் மட்டும் முழங்கால் போட்டிருந்த வீட்டில் மூன்று ஆமென் கேட்டது.

முதலாவது எமல்டாவுடையது, ஜெபம் பண்ணியவள் அவள்தான். இரண்டாவது அவள் புருஷன் நெல்சனுடையது, எப்போதும்போலக் கரகரப்பாக, கொஞ்சம் பிந்தி. மூன்றாவது அவன் முதுகுக்குப் பின்னால், மூச்சிழுப்புக்கு மருந்தைப் புகையாகக் கொடுக்கும் நெபுலைசர் மெஷின் துணி போர்த்தி இருந்த மூலையிலிருந்து வந்தது. 'ஆ' என்று தொடங்கி, நடுவில் ஒரு மூச்சு இழுத்து, அப்புறம்தான் 'மென்' என்று முடிந்தது.

நெல்சன் கண்ணைத் திறக்கவில்லை. பக்கத்து வீட்டு டி.வி.யாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். தெரு முழுக்கக் கரண்ட் இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கும் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி ஜன்னலுக்கு நேரே நின்றாலும், விளக்குக்கு அடியில் இருட்டு என்பதுபோல எர்ணாவூரில்தான் அடிக்கடி போகும்.

எமல்டா எழுந்து, சேலை மடிப்பை உதறிவிட்டு, சமையல்கட்டுக்குப் போனாள். அங்கிருந்து ஒரு ஓய்வுநாள் பள்ளிப் பாட்டை அவள் முணுமுணுப்பது கேட்டது. ஒரு வருஷமாக அவள் வாயிலிருந்து பாட்டு வந்ததில்லை. நெல்சனுக்கு மூன்றாவது ஆமெனைவிட அந்தப் பாட்டுதான் அதிகப் பயத்தைக் கொடுத்தது.

அவர்கள் மகள் பெர்சி போய் ஒரு வருஷமாகிறது. ஏழு வயது. மழை விட்ட ஒரு காலையில், ஆட்டோ டோல்கேட்டைத் தாண்டுவதற்குள், அம்மா மடியிலேயே மூச்சு நின்றுவிட்டது. குடும்ப ஜெபத்தில் அவள் ஆமென் மட்டும் எப்போதும் இரண்டு துண்டாகத்தான் வரும், நடுவில் இழுப்பு வந்து மறிக்கும் என்பதால். நெல்சன் அதைச் சொல்லிக் கேலி பண்ணுவான். "இன்னா பெர்சி, ஆமென்னுக்கு இன்ட்ரோல் உட்டுட்டியா?" என்பான். அவள் சிரிப்பாள், சிரித்ததில் இன்னும் இழுக்கும். அந்தக் கேலியை நினைத்து அவன் அழாத நாள் கிடையாது.

நெல்சன் பேய் பிசாசுக்குப் பயந்தவன் அல்ல. காட்டுப்பள்ளி பக்கம் கப்பல் கட்டும் இடத்தில் ஒப்பந்த வெல்டர். கப்பலின் அடிவயிற்றுக்குள் தனியாகப் படுத்துக்கொண்டு பற்றவைக்கிறவன். ஆனால் அன்றைக்கு அவனுக்கு உள்ளங்கால் சில்லிட்டது. ஏனென்றால் அந்தச் சத்தம் எங்கிருந்து புறப்பட்டு வந்திருக்கும் என்று அவனுக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது.

போன மாதம் சபையிலிருந்து மலைக்கிராமங்களுக்கு ஊழியப் பயணம் போயிருந்தார்கள். நாட்டின் வடகிழக்கு மூலைக்கு ரயில், ரயில் விட்டு ஜீப், ஜீப்பும் போகாத இடத்தில் நடை. "துக்கத்துலயே குந்திக்கினு இருக்காத நெல்சா, கர்த்தருக்கு நாலு நாள் உழை" என்று சொல்லிப் பாஸ்டர் அருள்பிரகாசம்தான் அழைத்துப் போனார். நெல்சன் அங்கே ஜெப வீட்டுக்குக் கூரைத் தகடு போட்டான். அந்த ஜனங்கள் சுட்ட கிழங்கும் கறுப்புத் தேநீரும் கொடுத்து, அவன் கையில் பட்ட கீறலுக்கு ஏதோ இலையைக் கசக்கிக் கட்டி, சொந்தக்காரனைப்போலப் பார்த்துக்கொண்டார்கள். ஒரு சின்னப் பெண் மட்டும் அவனை விடவேயில்லை. திருகாணிகளைப் பாவாடையில் ஏந்திக்கொண்டு ஏணிக்குக் கீழேயே நின்றாள். இறங்கினால் அவன் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொள்வாள். ஆமென் சொல்லக் கற்றுக்கொடுத்தான். அவர்கள் பேச்சில் வார்த்தை அப்படி முடியாதுபோல. 'ஆம்மே' என்றுதான் அவளுக்கு வந்தது.

கடைசி நாள் ஆற்றில் ஞானஸ்நானம். அந்தப் பெண்ணின் முறை வந்ததும், பாஸ்டர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி, "நீயே ஒரு வேதாகமப் பேர் சொல்லு நெல்சா" என்றார். நெல்சன் வாயில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.

"பெர்சி" என்றான்.

பெண்ணின் தாய் கரையிலிருந்து ஏதோ கேட்டாள். அந்த ஊர் தாவீது வாத்தியார், வேலூர்ப் பக்கம் வேதாகமப் பள்ளியில் படித்தவர், தமிழில் சொன்னார்: "இந்த நாமத்துக்கு முன்னே உரியவர் யாராவது உண்டா, அவர் உயிரோடிருக்கிறாரா என்று கேட்கிறாள். இறந்தவருடைய பெயரென்றால், அவருடைய ஜனங்கள் முதலில் வாசலில் தண்ணீர் ஊற்றி, நீ இறந்துபோனாய் என்று அவருக்கு வாய்விட்டுச் சொல்லி அனுப்பவேண்டும். அப்புறம்தான் இன்னொரு பிள்ளைக்குத் தரலாம். இங்கே அதுவே வழக்கம்."

எர்ணாவூரில் எல்லோருக்கும் தெரியும். பால்காரனுக்குத் தெரியும், பஸ் டிரைவருக்குத் தெரியும். உலகத்தில் முதல்தடவையாகத் தெரியாத ஒருத்தி கேட்கிறாள். இறந்துவிட்டாள் என்று அந்த மலையில் யாரும் இன்னும் சொல்லவில்லை. நெல்சன் அந்தத் தாயின் முகத்தைப் பார்த்தான்.

"கீறா" என்றான். "எங்க வூட்டுல நல்லா கீறா."

பாஸ்டர் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். கர்த்தரிடத்தில் உயிரோடிருக்கிறாள் என்று விசுவாசத்தில் சொல்கிறான் என எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. பெண்ணைத் தண்ணீரில் முக்கி எடுத்தார். அவள் முடியிலிருந்து தண்ணீர் வடிய நெல்சனைப் பார்த்துச் சிரித்தாள்.

இப்போது, மூன்றாவது ஆமெனுக்கு அப்புறம், வீட்டில் ஒவ்வொன்றாக மாறத் தொடங்கியது. எண்ணூர்க் காற்றில் வழக்கமாக வரும் சாம்பல் வாசமும் முகத்துவாரத்துச் சேற்று வாசமும் போய், வீட்டுக்குள் குளிர்ந்த ஆற்றுப்பாசி வாசம் வந்தது. அதனடியில், துடைத்தாலும் போகாமல், மூக்கில் ஏறும் இழுப்பு மருந்தின் இனித்த நெடி. பிளக் பிடுங்கிச் சுவரோரம் கிடந்த மெஷின், கரண்ட் இல்லாத சாயங்காலங்களில் மெல்ல ரீங்கரித்தது. நெல்சன் போய்த் துணிமேல் கையை வைத்தால் நின்றுவிடும், எடுத்தால் திரும்ப ஆரம்பிக்கும். புகைபோக்கி உச்சியின் சிவப்பு விளக்கு அணைந்து அணைந்து எரிகையில், சமையல்கட்டு நிலைப்படியில், எமல்டாவின் இடுப்பு உயரத்தில் ஏதோ ஒன்றின் நிழல் கூடுதலாக விழுந்தது. தரையில் சின்னச் சின்ன ஈரக்கால்கள். எமல்டா அவற்றைத் துடைப்பதில்லை. மிதிக்காமல் சுற்றிப் போவாள்.

"யோவ்" என்றாள் ஒருநாள், சோறு போட்டுக்கொண்டே. "ராவுல இப்பல்லாம் நல்லா மூச்சு வுடுறாய்யா. இழுப்பே இல்ல. கவனிச்சியா?"

யார் என்று நெல்சன் கேட்கவில்லை. எமல்டாவின் கன்னத்தில் மறுபடி சதை பிடித்திருந்தது. தலையில் பூ வைத்திருந்தாள். மூன்று தட்டு எடுத்துப் போட்டிருந்தாள். பிள்ளை போனபிறகு அவனுக்கு மிச்சமிருந்தது அவள் ஒருத்திதான். அவளும் இத்தனை நாள் செத்த பிணம்போலத்தான் நடமாடினாள். திரும்பி வந்த பிள்ளையை எந்த வாயால் போ என்பது?

ஷிப்டு முடிந்து பஸ்ஸில் வரும்போது போன் வந்தது. கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி வழியை மறித்திருக்க, பஸ் நகராமல் நின்றிருந்தது. தாவீது வாத்தியார் பேசினார்.

"சகோதரரே, பிள்ளை சுகவீனமாயிருக்கிறாள். இந்த மலையில் ஒருவருக்கும் இல்லாத ஒரு இளைப்பு. மூச்சு இழுக்கிறாள். பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்புகிறதில்லை, புதிய பெயருக்கும் திரும்புகிறதில்லை. டாக்டர் பார்த்தார், நெஞ்சில் ஒன்றுமில்லை என்கிறார். அவள் தாய் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கச் சொல்லுகிறாள்."

நெல்சன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"உங்கள் மகள் உயிரோடிருக்கிறாளா?"

வாத்தியார் குரலுக்குப் பின்னால் ஒரு பெண் அழும் சத்தம். அதற்கும் பின்னால், நன்றாகப் பழகிய ஓர் இழுப்பு. பெர்சியின் இழுப்பு. இன்னொரு பிள்ளையின் நெஞ்சில்.

"இல்லீங்க ஐயா" என்றான். ஒரு வருஷத்தில் முதல்தடவை சொன்னான்.

"என்னிடத்தில் சொல்லி ஆவதில்லை. உங்கள் மகளிடத்தில் சொல்லுங்கள். உங்கள் வாசலில் ஒரு செம்பு தண்ணீர். சூரியன் போவதற்குள் சொல்லிவிடுங்கள், சகோதரரே. தாய் காலில் விழுகிறேன் என்கிறாள்."

பாஸ்டருக்குப் போன் போட்டான். "அதெல்லாம் அஞ்ஞான வழக்கம், நீ அதுல போய் மாட்டிக்காத. உபவாச ஜெபம் வைப்போம்" என்றார். அவர் கெட்டவர் அல்ல; அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நெல்சன் பஸ்ஸை விட்டிறங்கி, லாரிகளுக்கு நடுவில், தூசியைத் தின்றுகொண்டே வீட்டுக்கு ஓடினான்.

வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருந்தது. செம்பை நிரப்பிக்கொண்டு வாசற்படியில் நின்றான். தெருவில் பிள்ளைகள் பந்து விளையாடினார்கள்.

எமல்டா வந்து பின்னால் நின்றாள். "இன்னாத்துக்கு செம்பு?"

சொன்னான். ஆற்றிலிருந்து போன் வரைக்கும், எல்லாவற்றையும்.

அவள் கத்தவில்லை. அவன் தோளில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். "அந்தப் புள்ளைக்கு அம்மா கீறாய்யா. அவ பாத்துப்பா. எம் புள்ள என் மடியில மூச்சு நின்னுச்சு. வாய்ல வாய வெச்சி ஊதினேன், எடுத்துக்கல. இப்ப எடுத்துக்குது. போவ சொல்லாத. உன் கால்ல வுழறேன்."

இரண்டு தாய்கள். இரண்டு பேரும் அவன் காலில்.

"தப்பு எமல்டா. அது சின்னப் புள்ள. என் வெரல புடிச்சிக்கினு நின்னுச்சு. அதக் கொன்னுட்டு நாம இன்னா வாழ்றது?"

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். சம்மதம் சொல்லவில்லை. தடுக்கவும் இல்லை.

நெல்சன் செம்பைச் சாய்த்தான். முதல் சொட்டு படியில் விழுந்தது.

"பெர்சி" என்றான். "கண்ணு. நீ..."

உள்ளேயிருந்து, மூலையிலிருந்து, சந்தோஷமாக:

"இன்னா நைனா?"

இழுப்பே இல்லை. முழுசாக. தெளிவாக. பிறந்ததிலிருந்து அந்தக் குரலை இழுப்பில்லாமல் அவன் கேட்டதேயில்லை. இப்படித்தான் இருந்திருக்குமா? நல்ல நெஞ்சு ஒன்றை ஆண்டவர் கொடுத்திருந்தால், இப்படித்தான் கூப்பிட்டிருப்பாளா?

வாய் திறந்திருந்தது. நீ செத்துட்ட. அவ்வளவுதான். இரண்டு வார்த்தை. நாக்கு அசையவில்லை.

தெருவில் பிள்ளைகளை வீட்டுக்குக் கூப்பிடும் குரல்கள். புகைபோக்கிக்குப் பின்னால் வெளிச்சம் வடிந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. அணைந்தது.

நெல்சன் செம்பைக் கீழே வைத்தான்.

சட்டைப்பையில் போன் அடித்தது. விடாமல் அடித்தது. அப்புறம் நின்றது. மறுபடி அடிக்கவில்லை.

ஜெப நேரமாகிவிட்டது. எமல்டாதான் அவன் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். இரண்டு பேரும் முழங்கால் போட்டார்கள். கரண்ட் இல்லை. அவள் நன்றி சொல்லி ஜெபித்தாள், எல்லாவற்றுக்கும் நன்றி சொன்னாள், குரல் உடைய உடையச் சொன்னாள்.

"ஆமென்" என்றாள்.

"ஆமென்" என்றான் நெல்சன்.

"ஆமென்" என்றாள் பெர்சி, நடுவில் நிற்காமல்.

ஆற்றுவாசம் அறையை நிறைத்தது. வாசல் பக்கம் ஈரக்கால்கள் நடந்து வரும் சத்தம். சின்னக் கால்கள். புது வீட்டுக்கு வந்த பிள்ளைபோலத் தயங்கித் தயங்கி. அவன் பின்னால் வந்து நின்றன.

தரையில் ஊன்றியிருந்த அவன் கையை ஏதோ தடவிப் பார்த்தது. ஆள்காட்டி விரலைத் தேடி எடுத்துப் பிடித்துக்கொண்டது. ஐஸ்போல இருந்தது.

போ என்று சொல்லவேண்டும். உன் அம்மாவிடம் போ. பெயர் சொல்லிச் சொல்லவேண்டும். அவளுக்கென்று அவள் அம்மா வைத்த பெயர். அத்தனை நாள் கிழங்கு தின்றான், தேநீர் குடித்தான், அந்தப் பெயரை நெல்சன் கேட்கவேயில்லை.

சிவப்பு விளக்கு அணைந்தது.

"ஆம்மே" என்றது, அவன் காதருகில்.