விட்டானா, அறுத்தானா

பட்டிமன்ற மேடையில் இடப்பக்க மேசைக்குப் பின்னால் பேச்சாளர்கள் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வலப்பக்க மேசை காலியாகக் கிடந்தது. நடுவராக வந்திருந்த அம்மையார் ஒலிவாங்கியை இன்னொரு முறை தட்டினார்.

"'ஆமைப்பாறை' இரண்டாம் பாகம் முதல் பாகத்துக்கு ஈடாகவில்லை என்று பேச ஒருவர்கூடவா இல்லை?"

பரணி திரையரங்கின் வாகன நிறுத்தத்தில் போட்ட பந்தல் முழுக்க ரசிகர்கள். எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குறை சொல்வதையே உயிர்மூச்சாகக் கொண்டிருந்த கூட்டம் அது. படத் தலைப்பின் எழுத்து வடிவம் சரியில்லை என்று மூன்று மாதம் சண்டை போட்டவர்கள். அவர்களிடம் இப்போது ஒரு குறையும் இல்லை. ஆளுக்கு ஒரு சமோசாவைத் தின்றுவிட்டு, நடுவருக்குப் பொன்னாடை போர்த்தி, ஆறரை மணிக்கெல்லாம் பந்தலைப் பிரிக்க ஆரம்பித்தார்கள்.

இதற்கெல்லாம் காரணம் உளநெசவி.

இரண்டாம் பாகம் எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்ட தயாரிப்பாளர்கள் பல காலம் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்த இயந்திரம் அது. எத்தனை நன்றாக எடுத்தாலும் ரசிகன் "முதல் பாகம் மாதிரி வராது" என்றுதான் சொல்வான். அவன் மனதில் ஏற்கெனவே ஒரு இரண்டாம் பாகம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதோடு எந்த இயக்குநரும் போட்டி போட முடியாது. அப்படியானால் அந்தப் படத்தையே காட்டிவிட்டால் என்ன? முன்பதிவு செய்யப் போனால் தலையில் ஒரு எண்ணமானியைக் கவிழ்ப்பார்கள். நீங்கள் இத்தனை நாள் எதற்காகக் காத்திருந்தீர்கள் என்பதை அது படித்துக்கொள்ளும். பிறகு உங்கள் பெயர் ஒட்டிய பெட்டியில் ஒரு கண்ணாடி தருவார்கள். போட்டுக்கொண்டு அரங்கில் உட்கார்ந்தால், நடிகர்களின் உருவத்தையும் குரலையும் எடுத்து, உங்களுக்கான படத்தை உளநெசவி உங்கள் கண்ணெதிரே நெய்துகொண்டே போகும். விளம்பரத்தில் இதைத் தெளிவாகவே சொல்லியிருந்தார்கள். நம் ஆட்கள் என்றைக்கு விளம்பரத்தை முழுக்கக் கேட்டார்கள்?

பந்தலின் ஓரத்தில் நித்திலனும் ஆல்வினும் நின்றிருந்தார்கள். இருவருக்கும் ஐம்பது வயது. பேசத் தலைப்பில்லாமல் அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது அதுவே முதல் தடவை.

முதல் பாகம் வந்தபோது அவர்கள் பாளையங்கோட்டையில் ஏழாம் வகுப்பு படித்தார்கள். இதே பரணியில்தான் படம். குளிர்சாதனம் நின்றுபோய், சட்டையெல்லாம் நனைந்து, முன்வரிசையில் இருந்தவர்கள் கிழித்து எறிந்த காகிதத் துண்டுகள் கழுத்தில் ஒட்டிக்கொள்ள, வாயைப் பிளந்துகொண்டு பார்த்த படம். கடைசிக் காட்சியில் ஆமைப்பாறையின் உச்சியில் மருதன் கயிற்றைப் பிடித்திருக்கிறான். கயிற்றின் மறுமுனையில், கடலுக்கு மேலே, அவன் சிநேகிதன் காசி தொங்குகிறான். பாறை நொறுங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு அலை எழும்பித் திரையை மறைக்கிறது. அலை வடிந்தால் மருதன் கையில் வெறும் கயிறு. படம் முடிந்தது.

மருதன் விட்டானா? காசி தன் கத்தியால் கயிற்றை அறுத்துக்கொண்டானா?

மறுநாள் வகுப்பில் நித்திலன், "விட்டுட்டான்" என்றான். பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து வந்து, "போலே, அவனேதான் அறுத்தான்" என்று அவன் சட்டையைப் பிடித்தான். அந்தப் பையன்தான் ஆல்வின். அன்றைக்கு ஆரம்பித்த சண்டை அது. விட்டான் கட்சி, அறுத்தான் கட்சி என்று ஊர் ஊராக ரசிகர்கள் பிரிந்தார்கள். ஆண்டுதோறும் படம் வெளியான நாளில் பட்டிமன்றம் நடந்தது. இயக்குநர் பதில் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். ஆல்வின் வேலை கிடைத்து நாகர்கோவிலுக்குப் போன பிறகும் தினமும் சாயங்காலம் அழைப்பான். 'சாப்பிட்டீரா' என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நேராகக் கயிற்றுக்கு வந்துவிடுவான்.

நித்திலனின் மனைவி இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று மாலையும் ஆல்வின் அழைத்தான். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. "காசி இடுப்புல கத்தி உறை காலியா இருந்துச்சுவே. இன்னைக்குத்தான் கவனிச்சேன்" என்றான். நித்திலனுக்கு வந்த கோபத்தில் ஒரு மணி நேரம் கத்தினான். கத்தி முடித்தபோது பசித்தது. அடுப்பைப் பற்றவைத்து, தானே தோசை ஊற்றிச் சாப்பிட்டான். பல நாட்களுக்குப் பிறகு அவன் வயிறார உண்டது அன்றைக்குத்தான்.

அந்தத் தினசரி அழைப்பு வெள்ளிக்கிழமையோடு நின்றுபோயிருந்தது.

வெள்ளிக்கிழமை இரண்டாம் பாகத்தின் முதல் காட்சி முடிந்து இருவரும் வெளியே வந்தபோது இருவர் முகத்திலும் வெற்றிச் சிரிப்பு. நித்திலனின் படத்தில், மருதன் கப்பலின் மேல்தளத்தில் நின்றபடி, "நான்தான் விட்டேன். இல்லேன்னா ரெண்டு பேரும் போயிருப்போம்" என்று சொல்லிவிட்டு, ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் அடுத்த தீவுக்குப் போய்விட்டான். ஆல்வினின் படத்தில் பாறை இடுக்கில் காசியின் கத்தி கிடைத்தது. ஆளாளுக்குத் தான் ஜெயித்ததாக நினைத்து, தோற்றவனை நோகடிக்க வேண்டாமென்று பெருந்தன்மையாகக் கைகுலுக்கிக்கொண்டார்கள். ஆளுக்கொரு படம் என்ற விஷயம் புரிந்த பிறகும் சண்டைக்கு வழியில்லை. அவனவன் கண்ணால் பார்த்ததை அவனவன் நம்பினான்.

பந்தலைப் பிரித்து முடித்ததும், "அப்ப கிளம்புதேன்வே" என்றான் ஆல்வின்.

நித்திலன் வழியை மறித்து நின்றான். இவன் இப்படியே பேருந்து ஏறினால் இனி எதற்காக அழைப்பான்? வீட்டில் சாயங்கால நேரத்தில் என்ன சத்தம் இருக்கும்?

"ஒரு நிமிசம் நில்லும். உம்ம படத்த எனக்குக் காட்டும்."

"எப்படிவே?"

"கண்ணாடிப் பெட்டில பேரு ஒட்டியிருக்கில்லா. உம்ம பெட்டிய நான் எடுத்துக்கிடுதேன், எம் பெட்டிய நீரு எடும். மறுபடி ஒரு ஆட்டம் பாப்போம். அந்தக் கத்தி எப்படிக் கிடைச்சுதுன்னு நானும் பாக்கேன்."

ஆல்வினின் முகத்தில் பழைய வெளிச்சம் வந்தது. "பாத்துட்டு மாத்திப் பேசக் கூடாது."

அடுத்த ஞாயிறு பகல் காட்சி. ஆல்வினின் பெயர் ஒட்டிய பெட்டியைத் திறந்து கண்ணாடியை மாட்டிக்கொண்ட நித்திலன், எங்கெங்கே ஓட்டை கண்டுபிடிக்கலாம் என்று தயாராக உட்கார்ந்தான். கால் மணி நேரத்திலேயே தயாரிப்பெல்லாம் பறந்துவிட்டது. மேடையில் ஆல்வின் வருடக்கணக்காக அடுக்கிய வாதமெல்லாம் ஒன்றுவிடாமல் திரையில் நடந்தது. காலியான கத்தி உறை, காசியின் உள்ளங்கைத் தழும்பு, ஓடாமல் போன படகு, எல்லாம். காசி அண்ணாந்து பார்த்தான். "நீ விட மாட்டேல. அதுதான் எனக்குப் பயமா இருக்கு" என்றான். சிரித்துக்கொண்டே அறுத்தான்.

நித்திலன் கைக்குட்டை தேடினான். தன் படத்தைப் பார்த்தபோது அவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. அதில் எல்லாம் அவன் நினைத்தபடி நடந்தது, நடந்ததும் முடிந்துபோனது. இந்தப் படமோ அவனோடு மல்லுக்கு நின்றது. முதல் பாகம் பார்த்த அன்றைய புழுக்கமும் படபடப்பும் இத்தனை காலம் கழித்துத் திரும்பி வந்திருந்தன. அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆல்வினைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

ஆனால் வெளியே வந்த ஆல்வினின் கண்கள் சிவந்திருந்தன. "பஸ்ஸுக்கு நேரமாச்சு, போன்ல பேசுதேன்" என்று சொல்லிவிட்டு, நித்திலனின் தோளை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனான். தோளைத் தொட்டுப் பேசுகிற பழக்கமே அவனுக்குக் கிடையாது.

கண்ணாடிகளைத் திருப்பிக் கொடுக்கப் போன இடத்தில் மெஹர்நிஷா இருந்தாள். பரணியில் உளநெசவியைப் பராமரிப்பவள் அவள்தான். நித்திலன் பெட்டியை நீட்டிவிட்டு, பெட்டி மாற்றிப் பார்த்த தந்திரத்தைப் பெருமையாகச் சொன்னான். மெஹர்நிஷா சிரித்துவிட்டாள்.

"அண்ணாச்சி, பெட்டியில பேரு ஒட்டுறது தொலைஞ்சுபோகாம இருக்கத்தான். கண்ணாடிக்குள்ள படம் எதுவும் கிடையாது. யாரு போட்டாலும் போட்டவங்க மனசத்தான் அது படிக்கும். எண்ணமானி சும்மா முதல் அளவு எடுக்கும், அவ்வளவுதான்."

"அப்ப நான் பாத்தது?"

"உங்க படம்தான். இன்னைக்கு நீங்க என்ன பாக்கணும்னு வந்து உக்காந்தீங்களோ, அது."

நித்திலன் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்தான். ஆல்வினின் படத்தைப் பார்க்க வேண்டும் என்று வந்தான். அதனால் ஆல்வினின் படம் என்று அவன் மனம் எதை நினைத்ததோ அதை இயந்திரம் நெய்திருக்கிறது. அந்தத் தழும்பு, அந்தப் படகு, காசி கடைசியாகச் சொன்ன வார்த்தை எல்லாம் அவனுக்குள்ளேயே இருந்தவை. எதிர்க்கட்சிக்காரனின் பேச்சை மறுத்துக்கொண்டே அவன் முழுக்க மனப்பாடம் செய்து வைத்திருக்கிறான்.

பெரிய ஏமாற்றம்தான். தன் மண்டைக்குள்ளிருந்து வெளியே ஒரு எட்டு வைத்ததாக நினைத்தான். அந்தக் கண்ணாடி ஒரு அங்குலம்கூட வெளியே விடவில்லை. இருந்தாலும், உள்ளே இத்தனை ஆல்வின் இருப்பான் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

கைபேசி அடித்தது. பின்னணியில் பேருந்து இரைச்சல்.

"என்னவே, இப்படி ஒரு படத்த மனசுல வச்சிக்கிட்டா என்கூட இத்தன வருசம் மல்லுக்கட்டுனீரு?" என்றான் ஆல்வின். "உம்ம மருதன் விட்டான், சரி. ஆனா வருசா வருசம் அதே நாள்ல ஆமைப்பாறைக்கு வாரானே! வெறும் கயித்தக் கைல சுத்திக்கிட்டு, பேசாம உக்காந்திருக்கானே! விட்டவனுக்குத்தான் வலி ஜாஸ்தின்னு இப்பதாம்வே புரிஞ்சுது. உமக்குள்ள இப்படி ஒருத்தன் இருக்காம்னு ஒரு நாளாவது சொன்னீரா?"

நித்திலனின் மருதன் ஆமைப்பாறைக்குத் திரும்பி வந்ததே கிடையாது. அப்படி ஒரு மருதனைத்தான் அவன் விரும்பினான். மனைவி போன பிறகு அப்படி இருந்துவிட வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டான். அந்த ஆசையை இயந்திரம் சரியாகப் படித்து நெய்து தந்தது. பாறையில் உட்கார்ந்திருந்தவனை நெய்தது ஆல்வினின் மனம். தினமும் சாயங்காலம் கயிறு, கத்தி என்று மட்டுமே பேசியவன் இதையெல்லாம் எப்போது பார்த்து வைத்தான்?

நித்திலனின் கண்கள் நிறைந்தன. கண்ணாடி விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தான். சொல்லவில்லை.

"ஆமாவே" என்றான். "நீரு சொல்லுததுதான் சரி."



"இல்லவே, நீரு ஒத்துக்கிடக் கூடாது" என்றான் ஆல்வின், பதறிப்போய். "நீரும் ஒத்துக்கிட்டா நான் நாளைக்கு யாருகூடவே பேசுவேன்?"