தேன் நிறத்துக்கு அடியில்

லாக்கர் பூச்சின் மூன்றாவது கோட்டு காயும்போதுதான் அந்தத் திட்டைப் பார்த்தாள்.

கொக்கியில் தொங்கிய கிட்டார் உடல், எக்ஸாஸ்ட் ஃபேனின் இழுப்பில் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. ஜன்னல் வெளிச்சம் பட்டபோது மரத்தின் வரிகள் தேன் நிறத்துக்குள்ளிருந்து எழுந்து, நிழலுக்குப் போனதும் அடங்கின. மேல் வளைவுக்குப் பக்கத்தில் மட்டும் ஒன்று அடங்கவில்லை. கட்டைவிரல் அளவில், சுற்றியிருப்பதைவிடக் கொஞ்சம் கறுப்பாக இருந்தது. லாக்கரின் மேல் படிந்ததல்ல. அடியில் இருந்தது.

வெறும் மரத்தில் விரல் பட்டால் அந்த வியர்வை கண்ணுக்குத் தெரியாது. சாயம் கலந்த லாக்கர் ஏற ஏறத்தான் காட்டிக்கொடுக்கும். அதனால் அவள் கையுறை போடாமல் மரத்தைத் தொட்டதில்லை. இந்த உடல் அண்ணன் அறுத்துச் செதுக்கியது. ஆனால் போன வாரம் உப்புத்தாள் போட்டு, அவன் கை பட்ட மேல்பரப்பு முழுவதையும் அவள் தேய்த்து எடுத்திருந்தாள். இப்போது இருப்பது புது மரம். அதை யாரும் தொட்டதில்லை.

நாலு நாள் மழைக்குப் பிறகு இன்றுதான் வெயில். ஈரக் காற்றில் அடித்தால் லாக்கர் பால் மாதிரி வெளுத்துவிடும். அண்ணி நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். அண்ணி கிட்டார் சொல்லிக்கொடுக்கிறவள். இது அவளுக்காக அண்ணன் செய்ய ஆரம்பித்தது, அவன் போய் இரண்டு மாதமாகப் பாதியில் நின்றது. இதை அண்ணி கையில் கொடுத்துவிட்டால் ஒரு கடன் தீரும் என்று நினைத்திருந்தாள்.

திட்டைத் தேய்த்தாள். வெள்ளை மரம் தெரியும்வரை தேய்த்து, தின்னர் நனைத்த துணியால் துடைத்து, புதிதாகக் கலக்க உட்கார்ந்தாள்.

ஒரு கோப்பை லாக்கர், ஒரு கோப்பை தின்னர். பழுப்பு மஞ்சள் பன்னிரண்டு சொட்டு. சிவப்பு இரண்டு. ஒவ்வொரு சொட்டும் விழுந்த இடத்தில் புகை மாதிரி விரிந்து, குச்சி பட்டதும் கரைந்து காணாமல் போனது. அண்ணன் கண் அளவில் ஊற்றுவான். அவள் எண்ணுவாள். டீக்குச் சர்க்கரை போட்டாலும் ஒவ்வொன்றாக எண்ணித்தான் போடுவாள் என்று கிண்டல் செய்து, கடைசியில் 'சொட்டு' என்றே பெயர் வைத்துவிட்டான். அதே மரத்தின் துண்டில் ஸ்ப்ரே கன்னால் அடித்து ஜன்னலில் பிடித்துப் பார்த்தாள். சுத்தமான தேன். ஒரு கறை இல்லை.

உடலில் அடித்தாள். காய்ந்தது. கட்டைவிரல் திரும்ப வந்திருந்தது. பக்கத்தில் ஆள்காட்டி விரலும்.

மாஸ்க்குக்குள் அவள் மூச்சு சூடாக இருந்தது. அடியில் பூசிய சீலர் சரியாகக் காயவில்லை, எங்கோ எண்ணெய் பட்டிருக்கிறது, துணி அழுக்கு என்று வரிசையாகக் காரணம் சொல்லிப் பார்த்தாள். இன்னொரு கோட்டு கொடுத்தால் மூடிக்கொள்ளும். கொடுத்தாள்.

நடுவிரல் வந்தது. உள்ளங்கையின் ஓரம். சுண்டுவிரல்.

இடையில் இருந்த மோதிரவிரல் பாதியோடு நின்றிருந்தது.

அண்ணனின் இடது கை மோதிரவிரலை ரம்பம் எடுத்துப் பல வருடம் ஆகிறது. கடைக்கு வருகிறவர்கள் அவனை 'ஒன்பதரை' என்றுதான் கூப்பிடுவார்கள். அவனும் சிரித்துக்கொண்டே திரும்புவான்.

அவள் பின்னால் நகர்ந்தாள். முதுகு கதவில் இடித்தது.

அந்தக் கதவின் மேல்பாதி கண்ணாடி. தீப்பொறி ஆபத்து என்பதால் ஃபேன் ஸ்விட்ச் வெளியே இருந்தது. இரண்டு மாதம் முன்பு ஒரு மதியம் அவள் வெளியே நின்றிருந்தாள், அண்ணன் உள்ளே அடித்துக்கொண்டிருந்தான். ஜலதோஷம், மூக்கில் வாசனையே ஏறவில்லை என்று மாஸ்க்கைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தான். ஃபேன் கதவிடுக்கு வழியாகத் தூசியை இழுத்து ஈர லாக்கரில் ஒட்டவைத்துக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் நிறுத்தினால் பளபளப்பு கெடாது என்று அவள் ஸ்விட்சை அணைத்தாள். அவனிடம் சொல்லவில்லை. அப்போது ஒரு வாடிக்கையாளரின் போன் வந்தது. பேசிக்கொண்டே வாசலுக்குப் போனாள்.

நாற்பது நிமிடம்.

திரும்பி வந்தபோது கண்ணாடியின் உள்பக்கம் தேன் நிறத்தில் ஒரு கை. முதலில் ஃபேனைப் போட்டாள். பிறகு கதவைத் திறந்தாள். அவனைப் பார்த்தாள். பிறகு கண்ணாடியைத் தின்னர் போட்டுத் துடைத்தாள். அதன் பிறகுதான் கத்தினாள். அந்த வரிசை அவளுக்கு மறக்கவே இல்லை.

ஃபேன் கோளாறு, லாக்கர் புகையில் மூச்சடைத்துவிட்டது என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். எலக்ட்ரீஷியன் கழற்றிப் பார்த்து இதில் ஒரு குறையும் இல்லை என்று சத்தியம் செய்தார். இனி இந்த வாசலை மிதிக்க வேண்டாம் என்று அண்ணி அவரைத் திட்டி அனுப்பியபோது, அவள் பக்கத்தில்தான் நின்றாள்.

கண்ணாடியை யாரோ தட்டினார்கள்.

அண்ணி. தலை கலைந்து, தோளில் பையோடு சிரித்தாள்.

"சொட்டு, முடிஞ்சுதா? பாக்கலாமா?"

"ஒரே ஒரு கோட்டு, அண்ணி. உள்ள வந்துடாதீங்க."

"வரல, வரல. தூசி விழும்னு உங்க அண்ணனும் என்னை வாசலோட நிறுத்திருவாரு."

அண்ணி கண்ணாடிக்கு முதுகு காட்டிச் சாய்ந்துகொண்டாள். உள்ளே அவள் கோப்பையில் பழுப்பு சேர்த்தாள். கறையை மறைக்க நிறம் கனமாக வேண்டும். பதினைந்து. இருபது. எண்ணிக்கை தப்பியது. வாழ்க்கையில் முதல்முறை. கன்னைத் தூக்கி, கையின் மேலேயே நேராக அடித்தாள்.

தேன் கருத்தது. கை கருக்கவில்லை. அதன் ரேகைகள் தெளிந்தன. விரல்கள் உள்ளிருந்து அழுத்துவதுபோல மரம் லேசாகப் புடைத்தது.

ஃபேன் நின்றது.

இறக்கைகள் டக், டக் என்று தளர்ந்து ஓய்ந்தன. அதன் பிறகு சத்தமே இல்லை.

"அண்ணி, ஃபேனை நிறுத்துனீங்களா?"

"நான் தொடவே இல்லையே. ஸ்விட்ச் போட்டபடிதான் இருக்கு."

கன்னைக் கீழே வைத்தாள். கதவின் கைப்பிடியைத் திருப்பினாள். திரும்பவில்லை. மாஸ்க்கை மீறி வாசனை ஏறியது. இனிப்பாக. தலைக்குள். திரும்பிப் பார்த்தாள்.

கொக்கியில் உடல் அசையாமல் தொங்கியது. வழவழவென்று, சுத்தமாக.

மரத்தில் கை இல்லை.

"இது என்ன கறை?" என்றாள் அண்ணி.

அண்ணி இப்போது கண்ணாடியைப் பார்த்து நின்றிருந்தாள். கைக்குட்டையால் ஓரிடத்தைத் துடைத்தாள். போகவில்லை. அழுத்தித் துடைத்தாள். கறை உள்பக்கம் இருந்தது. உள்ளே நின்றவளின் தலைக்குச் சற்று மேலே, ஈரமாக.

அண்ணி தன் உள்ளங்கையை அதன்மேல் பொருத்தினாள். கட்டைவிரலுக்குக் கட்டைவிரல். மோதிரவிரலில் நின்றாள்.

"அன்னிக்கு நான் வந்தப்போ," என்றாள் மெதுவாக, "ரூம் பூரா லாக்கர். இந்தக் கண்ணாடி மட்டும் பளிச்சுனு இருந்துச்சு. யாரு துடைச்சது?"

உள்ளே அவள் வாயைத் திறந்தாள். காற்று இல்லை. கண்ணாடியில் அறைந்தாள். அவள் கை வழுக்கி இறங்கியது.

அண்ணி கைப்பிடியைத் தொடவில்லை. அவளையும் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே, ஒரு ஆள் உயரத்தில் பார்த்தாள்.

கண்ணாடியில் அந்தப் பாதி மோதிரவிரலின் நுனியில் லாக்கர் திரண்டது. கனத்தது. விழுந்தது.

ஒன்று, என்று அவள் பிடரிக்குப் பின்னால் யாரோ எண்ணினார்கள்.