வாசலில் நின்ற நல்ல மனுசன்

“ஏனுங்க மொதலாளி, உங்க வாட்ச்மேன் தங்கமான மனுசனுங்க. பைய வாங்கிக் கையில குடுத்து, ‘பாத்துப் போங்க சாமி’ன்னு அனுப்பி வெக்கிறாரு,” என்றாள் நஞ்சம்மாள், பில் போட்ட சோப்புகளை மஞ்சப்பையில் திணித்தபடி.

தனசேகரன் சிரித்து வைத்தார். வாசலில் நின்றது ஒரு பொம்மை.

மேல்மாடித் துணிக்கடைக்கு வாங்கியது. கண், மூக்கு, வாய் என்று வீண்செலவு வைக்காத, உரித்த முட்டை போன்ற முகம். மலையடிவாரத்துக் காரவள்ளியில் இருந்த நிலத்தை விற்று, மலையேறி, வாழவந்தி நாடு என்ற மலையூரில் அவர் கட்டிய கட்டடத்தில் கீழே மளிகை, மேலே துணி, நடுவே படிக்கட்டு. அது ‘மால்’ ஆனது போர்டு எழுதிய அன்றுதான். மாலுக்கு செக்யூரிட்டி வேண்டாமா என்று சேலத்திலிருந்து முரளி என்பவனை வரவழைத்தார். அவன் வருகிறவர்களின் பைகளைக் கம்பால் கிளறினான். ஒருநாள் பெரியவர் சின்னுசாமியின் இடுப்பு மடியையே தடவிப் பார்த்துவிட்டான். யாரும் சத்தம் போடவில்லை. வராமல் இருந்துவிட்டார்கள், அவ்வளவுதான். தனசேகரன் ஈ ஓட்டினார்.

முரளியை அனுப்பிவிட்டு அவனுடைய யூனிபாரத்தைப் பொம்மைக்கு மாட்டினார். சம்பளம் கிடையாது, டீ கேட்காது, யார் மடியிலும் கை வைக்காது. கூட்டம் திரும்பியது. நஞ்சம்மாள் கிண்டல் பண்ணுகிறாள் என்றே எடுத்துக்கொண்டார்.

மறுநாள் மிளகு விவசாயி மணிவண்ணனும் அதையே சொன்னான். “உங்க ஊட்டுல யாரு யாருன்னு வெசாரிச்சாருங்க. மொதலாளி அவங்க மேல பிரியமா இருப்பாரான்னும் கேட்டாரு.”

“நீ என்னப்பா சொன்னே?”

“பொய் சொல்லலாங்களா? கல்லாப்பெட்டி மேல மட்டும்தான்னு சொன்னேன்.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கல்லாவில் இருந்த மனைவி சுமித்ரா மட்டும் சிரிக்கவில்லை.

அன்று மதியமே மேகம் இறங்கியது. சில்வர் ஓக் மரங்களை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு வந்து வாசல் கண்ணாடியில் அது மூச்சுவிட, ஈர மண்ணும் மிளகும் பழுத்த பலாவும் கலந்த வாசனைக்கு நடுவே, டியூப்லைட்டின் ரீங்காரத்துக்கு அடியில், யாரோ தொண்டையைச் செருமும் சத்தம் வாசல் பக்கமிருந்து மெதுவாக, மரியாதையாகக் கேட்டது. அங்கே பொம்மையைத் தவிர ஒருவருமில்லை.

கிட்டே போனார். காலரில் வேர்வை நாற்றம். சுமித்ரா துவைத்துக் கொடுத்த சட்டை அது.

பொம்மையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார். முன்பு ஒற்றைக் கையில் கொண்டுவந்த பொம்மை, இன்று ஓர் ஆள் கனம் கனத்தது. யூனிபாரத்தைக் கழற்றியபோது உள்ளே உடம்பு வெதுவெதுத்தது. சேலைக் கட்டுகளுக்குப் பின்னால் அதைத் தள்ளிவிட்டுக் கீழே ஓடிவந்தார்.

கடைக்குள் சுமித்ராவைத் தவிர யாருமில்லை. சாமான் வாங்க வந்தவர்கள் எல்லோரும் வெளியே மேகத்துக்குள் நின்றார்கள். பைகளை நீட்டியபடி. அசையாமல்.

“உள்ள வாங்க! ஏன் அங்கயே நிக்கிறீங்க?”

“அவரு வரட்டுங்க,” என்றாள் நஞ்சம்மாள். “அவரு இல்லாத கடையில எங்களுக்கு என்னங்க வேல?”

பின்வரிசையில் இரண்டு பேர் திரும்பி நடந்தார்கள். தனசேகரனுக்குள் இருந்த வியாபாரி, பயந்தவனை முந்திக்கொண்டான். மறுபடி மேலே ஓடினார். தன் வெள்ளைச் சட்டையைக் கழற்றிப் பொம்மை மேல் எறிந்தார். யூனிபாரத்தைத் தானே மாட்டிக்கொண்டார். தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலில் போய் நின்றார்.

கூட்டம் உள்ளே வந்தது. ஒவ்வொரு முகத்திலும் திருப்தி.

‘வாங்க’ என்று சொல்லப் பார்த்தார். உதடு பிரியவில்லை. நாக்கைத் தேடினார். பல்லைத் தேடினார். ஒன்றும் தட்டுப்படவில்லை. கையைத் தூக்கினார். கை வரவில்லை.

படிக்கட்டில் காலடிச் சத்தம். நிதானமாக. ஒவ்வொரு படியாக.

வெள்ளைச் சட்டை. அதற்கு மேலே, உரித்த முட்டை.

அது கல்லாவில் உட்கார்ந்தது. “நஞ்சம்மாக்கா, காசு பாத்துக் கொறச்சே குடுங்க,” என்றது. தனசேகரனின் குரல்.

“இப்பத்தானுங்க நீங்க மொதலாளி!” என்று பூரித்தாள் நஞ்சம்மாள். சுமித்ரா வாய்விட்டுச் சிரித்தாள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் ராதிகா அவரை உரசிக்கொண்டு உள்ளே ஓடினாள். கத்தினார். சத்தமில்லை.

“அப்பா, பசிக்குதுப்பா!”

“வா கண்ணு.”

மடியில் ஏறினாள். வழவழத்த அந்த முகத்தோடு கன்னத்தை ஒட்டிக்கொண்டாள். அந்த முகத்தில் மெல்ல ஒரு கீறல் விழுந்தது. விரிந்தது. கீறலுக்குள், அவள் காதுக்கு அருகே, வரிசையாகத் தனசேகரனின் பற்கள்.