குழாயில் ஈரச் சாக்கு

தூத்துக்குடியில் காலை ஒன்பதுக்கே ஐம்பது டிகிரி. ஆழ்கடலிலிருந்து இழுத்த குளிர்நீர் வீட்டுச் சுவருக்குள் குழாயில் ஓடினால்தான் உயிர் தங்கும். ரேஷன் அட்டையில் செத்தவனெல்லாம் உயிரோடு இருந்ததால், தலையை எண்ண உயிர்க்கணிப்பான் என்ற மிஷினை வைத்தார்கள். வீட்டைவிட்டு வெளியேறும் நீர் எவ்வளவு சூடேறியிருக்கிறது என்று பார்க்கும். வெளிக்குழாயில் இவ்வளவு வெயில் சூடு ஏறியிருக்கும் என்று தானே ஒரு கணக்குப் போட்டு அதைக் கழிக்கும். மிச்சம் மனித உடம்பின் சூடு. அதை வைத்து இத்தனை பேர் என்று சொல்லிவிடும். தலைக்கு இவ்வளவு என்று நீர் வரும்; ஆளில்லாத வீட்டு வால்வு தானாக மூடிக்கொள்ளும்.

சப்பாணிமுத்து அதை நம்பியதில்லை. மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் முப்பது வருஷம் குழாய் மாட்டிய கை. படுக்கையில் கிடந்த மனைவி பிரமு புழுங்குகிறது என்று முனகியதும், தொழில் வழக்கப்படி வெளிக்குழாயில் ஈரச் சாக்கைச் சுற்றிக் கட்டினார். சுவர் ஜில்லென்றது.

"பாத்தியாட்டீ, இது மிஷினுக்குத் தெரியுமா?"

"அதுக்கு என்ன, வேர்க்கவா செய்யுது?" என்றாள் பிரமு.

பத்தரைக்குக் குழாயில் ஓட்டம் நின்றது.

சப்பாணிமுத்து ஓடிப்போய் நின்ற குளிர்நீர் ஆபீசில் ஊழியன் ரீகன் திரையைப் பார்த்தான். "அண்ணாச்சி, உங்க வீட்ல ஆளே இல்லன்னு காட்டுது."

"எம் பொண்டாட்டி கெடக்காலே அங்க."

"வெயில் சூட்டக் கழிச்சா மிச்சம் ஒண்ணுமில்லையே."

சப்பாணிமுத்து மேஜையில் கையூன்றிக் குனிந்தார். "குழாயில வெயிலே படல தம்பி. சாக்கு கட்டிருக்கேன்."

"கணக்குல சாக்கு கெடையாது அண்ணாச்சி. நேர்ல பாத்து எழுதினாத்தான் தொறக்க முடியும்."

"அப்ப எந்திரி."

அவன் எழுந்திருக்க மேலிடத்து அனுமதி வேண்டும். அது வர இரண்டு மணி நேரம் ஆனது.

இருவரும் போனபோது சாக்கு காய்ந்து முறுகிக் கிடந்தது. பிரமுவின் வாய் திறந்திருந்தது; நெஞ்சு ஏறி இறங்கவில்லை. சப்பாணிமுத்து அவள் நெற்றியைத் தொட்டார். சுட்டது. அறையில் சுடாதது எதுவுமில்லை.

ரீகன் வால்வைத் திறந்தான். அடைபட்டு வெயிலில் வெந்திருந்த நீர் கொதிக்கக் கொதிக்க வெளியேறியது. அவன் கையிலிருந்த கருவி கிணுகிணுத்தது.

"என்னல சொல்லுது?"

ரீகன் தலை நிமிரவில்லை. "உள்ள பதினோரு பேரு இருக்காவளாம்."

பதினோரு பேருக்கான குளிர்நீர் பாய்ந்து வந்தது. பிரமுவின் தலைமாட்டுச் சுவர் மெல்ல வேர்க்கத் தொடங்கியது.